கவார்த்தா ஏரிகளின் படகுத்துறைகளில் கிராப்பியோடு வோலாயும்

ஒன்ராறியோ மாகாணத்தின் கவார்த்தா ஏரிகளில் ஒன்றான ஸ்டேர்ஜன் ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்த கொட்டேஜின் படகுத்துறையில், மே மாதக் கடைசியில் கிராப்பிக்குத் தூண்டில் போட்டிருந்ததாகவும், பொழுது சாயும்வரை கிராப்பி மட்டுமே ஏறியதாகவும், வெளிச்சம் மங்கியபின் அதே தூண்டிலில் அடுத்தடுத்து இரண்டு வோலாய் ஏறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயலா, அல்லது கிராப்பியை விட்டுவிடாமலே வோலாயையும் எதிர்பார்த்துப் பிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். தற்செயல் அல்ல என்பதே என் பதில். கிராப்பி அந்தத் துறையடியில் தங்கியிருக்கும் மீன். வோலாய் அந்தத் துறையைக் கடந்து போகும் மீன். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தத் துறையைத் தேர்வது, அதன் எந்தப் பக்கத்தில் போடுவது, எப்போது ஆழத்தை மாற்றுவது என்பவற்றுக்கெல்லாம் விடை அதிலிருந்தே கிடைத்துவிடும்.

முதலில் கிராப்பியைப் பார்ப்போம். கவார்த்தா ஏரிகளில் நாம் பிடிப்பது கருங்கிராப்பி. சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. பனிக்கட்டி உருகியபின் வெயிலில் முதலில் சூடேறும் ஆழமற்ற விரிகுடாக்களுக்குள் கூட்டமாக வந்துவிடும். நீரின் வெப்பநிலை 16 முதல் 20 பாகை செல்சியஸ் வரை ஏறும்போது ஆண் மீன்கள் கரையோரத்தில் கூடு அமைத்து முட்டைகளைக் காவல் காக்கும். அந்தக் காலத்தில் ஒரு துறையின் தூண்களும் அதன் நிழலும் அவற்றுக்கு மறைவிடம். கண்கள் தலையில் உயரமாக அமைந்திருப்பதால் தனக்கு மேலே நகரும் இரையையே அது எளிதில் காண்கிறது; ஆகவே தரையில் கிடக்காமல் நடுநீரில் தொங்கி நின்று, மேல்நோக்கி எழுந்து கொத்தும். கிராப்பிக்குப் போடுகிறவர்கள் மூன்று நான்கு அடி ஆழத்தில் மிதவையை நிறுத்துவது இதனால்தான்.

ஒன்ராறியோவில் பலர் பிக்கரல் என்று அழைக்கும் வோலாயோ பேர்ச் குடும்பத்தைச் சேர்ந்தது. பனி உருகிய உடனேயே, நீர் இன்னும் 5 முதல் 10 பாகை வரை குளிர்ந்திருக்கும்போதே, ஆற்று நீரோட்டங்களிலும் கல் பரவிய திட்டுகளிலும் முட்டையிட்டு முடித்துவிடும். கூடு கட்டுவதுமில்லை, காவல் இருப்பதுமில்லை. எனவே கிராப்பி முட்டையிடக் கரைக்கு வரும் நாள்களில் வோலாய் அந்த வேலையை முடித்து, இரை தேடி ஏரியெங்கும் பரவியிருக்கும். அதன் முக்கிய இரைகளில் ஒன்று மஞ்சள் பேர்ச்சின் குஞ்சு. மினோ எனப்படும் சிறுமீன்களும் அவ்வாறே. இவை இரண்டும் கரையோர நீர்க்களைகளிலும் துறைத் தூண்களிலும் படிந்திருக்கும் பாசியைச் சுற்றியே திரிகின்றன. உங்கள் துறையடியில் கிராப்பியைக் கொண்டுவந்து நிறுத்திய அதே சிறுமீன் கூட்டம்தான் மாலையில் வோலாயையும் அழைத்திருக்கிறது.

ஏன் மாலையில் மட்டும் என்பதற்கு அதன் கண்ணே காரணம். வோலாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால் மங்கலான ஒளியில் அதற்கு நன்றாகத் தெரியும். பேர்ச்சுக்கு அந்த வசதி இல்லை. இருட்டியபின் துறையின் நுனியில் நின்று நெற்றி விளக்கைத் தண்ணீருக்குள் காட்டினால், தரைக்குச் சற்று மேலே இரண்டு கண்கள் வெள்ளியாக ஒளிர்ந்து, மெல்லத் திரும்பி, அணைந்து போவதைச் சில இரவுகளில் காணலாம். பகலில் அதே மீன் ஆழமான களைப்படுக்கையின் அடியிலோ பள்ளத்திலோ ஒதுங்கியிருக்கும். ஒளி குறையத் தொடங்கியதும் களையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஆழமற்ற பக்கமாக நகரும். அந்த வழியில் ஒரு துறை குறுக்கிட்டால் சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும்.

கவார்த்தாவில் இந்தப் பழக்கம் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 1990களில் வரிக்குதிரைச் சிப்பிகள் இந்த நீர்வழிக்குள் பரவி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு, தண்ணீரைத் தெளிவாக்கின. தெளிந்த நீரில் வெயில் ஆழம்வரை இறங்குகிறது. களைகள் செழித்து வளர்கின்றன. கிராப்பியும் பிற சூரியமீன்களும் பாஸும் பெருக இது உதவுகிறது. கலங்கல் நீரை விரும்பும் வோலாய்க்கு இது பாதகமான மாற்றம். பகலில் அது இரை தேடும் நேரம் சுருங்கி, அந்தி, இரவு, காற்று வீசும் மேகமூட்டமான நாள் என்று ஒதுங்கியிருக்கிறது. எனவே இந்த ஏரிகளில் மாலை ஆறு மணிக்கே கிராப்பியை வாளியில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள், வோலாய் கரைக்கு வருவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள்.

இனித் துறையைத் தேர்வது பற்றி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் துறையின் அழகையும் நீளத்தையும் பார்க்கிறார்களே தவிர, அதற்கு முன்னால் நீருக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கிராப்பிக்குத் துறையே போதும். வோலாய்க்குத் துறைக்கு முன்னால் உள்ள தரைதான் முக்கியம். துறையின் நுனியிலிருந்து எறியக்கூடிய தூரத்துக்குள் எட்டு முதல் பன்னிரண்டு அடி ஆழத்துக்கு இறங்கும் சரிவு இருக்கிறதா, பச்சையாக நிற்கும் களைப்படுக்கையின் வெளியோரம் அருகில் வருகிறதா, அல்லது சேற்றுத் தரை கல்லாக மாறும் எல்லை உண்டா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் துறையில் இருட்டும்வரை காத்திருப்பதற்குப் பொருள் உண்டு. விரிகுடாவின் கடைக்கோடியில், மூன்றடித் தண்ணீரில், சுற்றிலும் சேறும் அல்லி இலையுமாக இருக்கும் துறையில் கிராப்பி நிறைய ஏறலாம். வோலாயை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். விரிகுடாவின் வாயிலில், பெரிய ஏரி தொடங்கும் முனையில் உள்ள துறைகளே இரண்டுக்கும் ஏற்றவை.

துறை கட்டப்பட்ட விதமும் கணக்கில் வரும். மிதக்கும் துறை நிழலைத் தரும், ஆனால் அதன் அடியில் மீன் ஒட்டி நிற்க எதுவும் இல்லை. இரும்புக் குழாய்க் கால்களில் நிற்கும் துறை அதைவிடச் சிறிது மேல். பழைய கொட்டேஜ்களில், மரக்கட்டைகளைப் பெட்டிபோல் அடுக்கி உள்ளே பாறைக்கற்களை நிரப்பி, அதன் மேல் பலகை அடித்த துறைகளைக் காண்பீர்கள். இவைதான் மிகச் சிறந்தவை. கல்லிடுக்குகளில் சிங்கி இறாலுக்கு உறவான கிரேஃபிஷ் குடியிருக்கும். அதைத் தேடிப் பேர்ச் வரும். பேர்ச்சைத் தேடி வோலாய் வரும். இவ்வகைத் துறையில் கிராப்பி கட்டைகளின் நிழல் பக்கத்தில் நிற்கும்போது, வோலாய் பெட்டியின் அடிப்பகுதியில் சிதறிக் கிடக்கும் கற்களின் ஓரமாக, ஆழமான பக்கத்தில் வரும். ஆகவே கிராப்பிக்குத் துறையின் பக்கவாட்டில் போடுங்கள். வோலாய்க்கு நுனியில் ஆழம் நோக்கிய மூலையில் போடுங்கள். அந்த மூலையில் காற்று வந்து மோதிச் சிற்றலை எழுந்தால் இன்னும் நல்லது. அலை ஒளியைச் சிதறடிக்கிறது, சிறுமீன்களைக் கரைப்பக்கம் தள்ளுகிறது. கண்ணாடிபோல் அசையாத நீர் கிராப்பி பிடிப்பவருக்கு இன்பம். வோலாய்க்கு அது ஆகாது.

உபகரணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்ராறியோவில் திறந்த நீரில் பொதுவாக ஒருவருக்கு ஒரு தூண்டில்தான் அனுமதி. விதிவிலக்குகள் சில இடங்களில் மட்டுமே. ஆகவே கிராப்பிக்கு ஒன்று, வோலாய்க்கு ஒன்று என்று இரண்டு கோல்களை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஒரே கோலை இரண்டுக்கும் பொருந்துமாறு அமைத்து, நேரம் வரும்போது மாற்ற வேண்டும். ஏழடி நீளமான இலகு கோல், ஆறு இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), பதினாறில் ஒரு அவுன்ஸ் ஜிக் (ஈயத்தலை கொண்ட கொக்கி), இரண்டரை அங்குல மென்பிளாஸ்டிக் இரை: இதுவே என் பரிந்துரை. பலர் கிராப்பிக்கு முப்பத்திரண்டில் ஒரு அவுன்ஸும் நாலு இறாத்தலும் பயன்படுத்துகிறார்கள். அதில் வோலாய் ஏறாது என்றில்லை, ஏறினால் கட்டைகளுக்குள் புகுந்து அறுத்துக்கொண்டு போகும். வோலாயின் பல் கூரியதானாலும் தங்கூசியை அறுப்பது அரிது. கொக்கிக்கு முன்னால் கட்டும் கம்பித் தலைப்பு தேவையில்லை. தெளிந்த நீரில் கம்பி கிராப்பியை விரட்டிவிடும்.

மிதவையில் நிலையான மிதவையை விட்டுவிட்டு, தங்கூசியில் வழுக்கி ஓடும் மிதவையைப் பயன்படுத்துங்கள். இதில் ஆழத்தை நிர்ணயிப்பது தங்கூசியின் மேல் கட்டிய ஒரு சிறு நூல் முடிச்சு. பகலில் அந்த முடிச்சை நாலடியில் வைத்துக் கிராப்பி பிடியுங்கள். சூரியன் மரங்களுக்குப் பின்னால் மறைந்ததும் முடிச்சை மேலே நகர்த்தி, இரை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்குமாறு செய்யுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த ஒரு மாற்றமே பாதி வேலையை முடித்துவிடும். ஜிக்கின் வளையத்தில் நீங்கள் போட்ட முடிச்சையும் அடிக்கடி பாருங்கள். அது வளையத்தின் முன்பக்கம் சரிந்துவிட்டால் ஜிக் தலை மேலாகவும் வால் கீழாகவும் சாய்ந்து தொங்கும். நகத்தால் நடுவுக்குத் தள்ளி வைத்தால் சிறுமீன் நீந்துவதுபோல் கிடையாக நிற்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு களை மாட்டலுக்குப் பிறகும் இதைச் சரிசெய்ய வேண்டும். மிதவையைச் சும்மா விடாமல், சிறிது இழுத்து, ஆடி அடங்கும்வரை காத்திருந்து, மீண்டும் இழுங்கள். வோலாய் பெரும்பாலும் அடங்கி நிற்கும் அந்த இடைவெளியில்தான் எடுக்கும்.

உயிர் இரை விரும்பினால், வோலாய்க்கும் கிராப்பிக்கும் பொதுவானது மினோ. ஜூன் பிறந்து நீர் சூடேறியபின் அட்டையும் மண்புழுவும் வோலாய்க்கு அதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் மண்புழுவைப் போட்டால் சூரியமீன் குஞ்சுகள் உங்களை நிம்மதியாக இருக்க விடா. பிடித்த கிராப்பியை வெட்டி இரையாகப் போடுவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். மினோ வாங்கினால் இரசீதைக் கையில் வைத்திருங்கள். 2022 முதல் மாகாணம் இரை மேலாண்மை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு வலயத்தின் இரைமீனை இன்னொரு வலயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, எஞ்சியதை ஏரியில் கொட்டவும் கூடாது. ரொறன்ரோவில் வாங்கிக்கொண்டு போவதைவிட ஏரிக்கரையில் உள்ள கடையிலேயே வாங்குவது நல்லது.

கொத்துவதிலேயே எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கிராப்பி கீழிருந்து எழுந்து இரையைக் கவ்வுவதால் தங்கூசியின் பாரம் குறைந்து, நிமிர்ந்து நின்ற மிதவை மெல்லச் சாய்ந்து நீர்ப்பரப்பில் படுத்துவிடும். புதியவர்கள் மிதவை அமிழ்வதற்காகக் காத்திருந்து இந்தக் கொத்தை இழந்துவிடுகிறார்கள். படுத்த கணமே மென்மையாக உயர்த்த வேண்டும், வேகமாக இழுத்தால் அதன் மெல்லிய வாய் கிழிந்துபோகும். வோலாய் கொத்தினால் மிதவை ஒரு கணம் துடித்து, பின் சாய்வாக ஆழம் நோக்கி இறங்கிப் போகும். தூக்கினால் கல்லில் மாட்டியதுபோல் பாரமாக இருக்கும், அடுத்த நொடியில் தலையை உதறும் அதிர்வு கோலின் அடிப்பிடிவரை வரும். கிராப்பிபோல் மேலே வட்டமிடாது, தரையையே நாடும். அப்போது ரீலின் இழுவை தளர்வாக இருக்க வேண்டும், கோலைத் துறைக்கு வெளியே நீட்டிப் பிடித்து மீனைத் தூண்களிலிருந்து விலக்க வேண்டும். துறையின் உயரத்திலிருந்து தங்கூசியால் தூக்க முயல வேண்டாம். நீளக் கைப்பிடி கொண்ட வலை கட்டாயம். செவுள் மூடியின் விளிம்பும் முதுகுத் துடுப்பின் முட்களும் கையைக் கிழிக்கும் என்பதால், வலையிலிருந்தபடியே குறட்டால் கொக்கியைக் கழற்றுங்கள். வாலின் கீழ்நுனியில் வெள்ளைப் புள்ளியும், முன் முதுகுத் துடுப்பின் பின்கடையில் கருந்திட்டும் இருந்தால் அது வோலாய்.

துறையில் இரவு விளக்கு இருந்தால் கூடுதல் வாய்ப்பு. வெளிச்சத்துக்குப் பூச்சியும் மிதவை நுண்ணுயிரும் திரள, அவற்றைத் தேடிச் சிறுமீன் வரும். கிராப்பி ஒளிவட்டத்துக்குள்ளேயே நிற்கும். வோலாயை ஒளிவட்டத்துக்குள் தேடாதீர்கள். ஒளி முடிந்து இருள் தொடங்கும் எல்லைக்கு வெளியே போட்டு, எல்லையை நோக்கி இழுத்து வாருங்கள்.

இப்போது சட்டம். இதை நான் இறுதியில் ஒட்டிய குறிப்பாக எழுதவில்லை. கிராப்பி பிடிக்கும்போது வோலாய் ஏறுகிற ஒருவருக்கு இது முதல் நாளிலேயே தேவைப்படும். கவார்த்தா ஏரிகள் மீன்வள மேலாண்மை வலயம் 17 இல் அடங்கும். இங்கே வோலாய்ப் பருவம் மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை திறக்கிறது. அதற்கு முன் கிராப்பிக்குப் போட்டதில் வோலாய் ஏறினால், தற்செயலாக ஏறியதானாலும் உடனே விட்டுவிட வேண்டும். விட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு வேண்டுமென்றே அதைத் தேடிப் போடுவதும் குற்றம். ஆகவே மேலே சொன்ன ஆழ மாற்றம் பருவம் திறந்தபிறகு செய்ய வேண்டியது. பருவத்திலும் 35 முதல் 50 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ளதை மட்டுமே வைத்திருக்கலாம். விளையாட்டு உரிமம் உள்ளவருக்கு நாலு, குறைந்த எண்ணிக்கையே வைத்திருக்க அனுமதிக்கும் பாதுகாப்பு உரிமம் உள்ளவருக்கு ஒன்று. பெரிய மீனை விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அவை பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள், அவற்றால்தான் இந்த ஏரிகளில் வோலாய் எஞ்சியிருக்கிறது. அதே வலயத்தில் உள்ள ஸ்கூகோக் ஏரியில் வோலாய் ஆண்டு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஸ்காபரோவிலிருந்து நம்மவர்கள் கிராப்பிக்கு அதிகம் போகும் ஏரிகளில் அதுவும் ஒன்று என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், புறப்படுமுன் மாகாண அரசின் அந்த ஆண்டுக்கான மீன்பிடி விதித்தொகுப்பைப் பாருங்கள். 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு உரிமம் வேண்டும்.

துறைகள் பெரும்பாலும் தனியாருடையவை. படகிலிருந்து அருகில் போட்டாலும், கட்டியிருக்கும் படகின் கயிற்றிலும் விரிப்பிலும் கொக்கி மாட்டாமல் எறியத் தெரிந்திருக்க வேண்டும். ஆள்கள் அமர்ந்திருந்தால் அடுத்த துறைக்குப் போய்விடுவதே மரியாதை. பெனலன் போல்ஸ், பொப்கேஜன், பக்ஹோர்ன் ஊர்களின் மதகுகளை அண்டிய இடங்களில் தடை அறிவிப்புப் பலகைகளை வாசித்துவிட்டே தூண்டிலை எடுங்கள்.

சமையலுக்கு எடுப்பவர்களுக்கு ஒன்று. வோலாய் பிற மீன்களைத் தின்று பல ஆண்டுகள் வாழும் மீன். வயதும் நீளமும் கூடக் கூட அதன் தசையில் பாதரசம் சேர்கிறது. கிராப்பியில் பொதுவாக இது குறைவு. ஒன்ராறியோ அரசு ஏரிவாரியாக, மீன்வாரியாக, நீளவாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று வெளியிடும் வழிகாட்டியில், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி அளவு தரப்பட்டிருக்கிறது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அவர்களுக்குக் கிராப்பியைப் பொரித்துக் கொடுத்துவிட்டு, வோலாயைப் பெரியவர்கள் குழம்பு வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

செப்ரெம்பர் நடுவில் இதே துறைகளுக்கு மீண்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோடையில் ஆழத்துக்கு ஒதுங்கிய பேர்ச்சும் கிராப்பியும் நீர் குளிரும்போது எஞ்சியிருக்கும் பச்சைக் களைகளை நாடும், வோலாயும் குளிருக்கு முன் உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கடுமையாக இரை எடுக்கும். இருட்டும் நேரமும் முன்னதாகிவிடுவதால் இரவு உணவுக்கு முன்பே பிடித்து முடிக்கலாம். பனிக்கட்டிக்குப் பயந்து கொட்டேஜ்காரர்கள் குழாய்க்கால் துறைகளை ஒக்டோபரில் கழற்றிக் கரையேற்றிவிடுவார்கள். கல் நிரப்பிய பழைய துறைகள் மட்டும் தண்ணீரிலேயே நிற்கும். அப்போது அந்தக் கரை முழுவதற்கும் மீன் ஒதுங்க எஞ்சியிருப்பவை அவைதான் என்பதால், போடவேண்டிய இடத்தைத் தேடி அலைய வேண்டியிராது.